அந்தச் சிப்பாய்கள் பயப்படவில்லை

நான் கூட்டம் சேர்க்கிறவன். கட்சிக்கு அல்ல, சினிமாவுக்கு. சரித்திரப் படத்தில் கோட்டைக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை படை நிற்கிறது என்றால், முன்னால் இருக்கும் இரண்டு மூன்று வரிசைதான் நிஜத் துணை நடிகர்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களை என்னைப் போன்ற ஒருவன் ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்திருப்பான். ஸ்டுடியோக்களில் இந்தப் பிரிவுக்கு ‘கிரவுட்’ என்று பெயர். பறவைக் கூட்டம், மீன் கூட்டம், உதிரும் இலை, சிதறும் கல் என்று எது கும்பலாக நகர வேண்டியிருந்தாலும் கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

இந்த வேலையில் பல ஆண்டுகள் ஒரு பொய்யைச் சொல்லியே காலம் தள்ளியிருக்கிறேன். “சிமுலேஷன் சார், அது இஷ்டத்துக்குத்தான் வரும்” என்பதுதான் அந்தப் பொய். இதைச் சொல்லிவிட்டால் மறுகேள்வி வராது. ஜோசியர் கிரகத்தைக் காட்டித் தப்பிப்பது மாதிரி நான் சாஃப்ட்வேரைக் காட்டித் தப்பித்தேன். தயாரிப்பாளர் தலையாட்டுவார். இயக்குநர் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுவார். என் சூப்பர்வைசருக்கு மட்டும் லேசாகச் சந்தேகம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் லைட்டிங்கிலிருந்து வந்தவர், என் ஃபைலைத் திறந்து பார்க்கிறவர் அல்ல.

அது ஏன் பொய் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு இஷ்டம் என்று ஒன்று கிடையாது. நாங்கள் ‘ரேண்டம்’ என்று சொல்வதுகூட ஒரு கூட்டல் பெருக்கல் கணக்குதான். அதற்கு ‘சீட்’ என்று ஒரு ஆரம்ப எண்ணைக் கொடுக்கிறோம். அதே எண்ணை நாளைக்குக் கொடுத்தாலும் அடுத்த வருஷம் கொடுத்தாலும் அதே வரிசையில் அதே எண்கள்தான் வெளியே வரும். இடது ஓரத்தில் ஒருவன் தடுக்கி விழுந்தது பிடித்திருக்கிறதா, சீட்டைத் தொடாமல் வைத்தால் அவன் ஆயிரம் முறையும் அதே ஃப்ரேமில் விழுவான். பல கோர்களில் கணக்கைப் பிரித்து ஓட்டும்போது தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ சிறு வித்தியாசம் நுழையலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் ஆட்சேபிக்கலாம். உண்மைதான். என் பொய்க்கு அந்தச் சாக்குக்கூட இருந்ததில்லை.

இந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்தே விஷயம் இப்படித்தான். 1982இல் வந்த இரண்டாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் உயிரில்லாத ஒரு கோளின் மேல் நெருப்புச் சுவர் பரவிக்கொண்டே போகும். அதைச் செய்த லூகாஸ்ஃபிலிம் குழுவில் இருந்த வில்லியம் ரீவ்ஸ், அடுத்த வருஷம் அந்த முறையைக் கட்டுரையாக எழுதினார். நாங்கள் இன்று ‘பார்ட்டிகிள்’ என்று சொல்லும் எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான். ஒவ்வொரு பொறிக்கும் வேகம், நிறம், அளவு, ஆயுள் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் இரண்டு எண்களை வைத்தார். ஒன்று சராசரி, மற்றது அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பது. ரேண்டத்துக்குக் கிடைத்த சுதந்திரம் அந்த இரண்டாவது எண்ணுக்குள் அடங்கியது. நெருப்பு கட்டுக்கடங்காமல் பாய்வதாகப் பார்க்கிறவனுக்குத் தோன்றும். எவ்வளவு கட்டுக்கடங்காமல் என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ணாக எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். தெரிந்தும் மீட்டிங்கில் வேறொரு கதையைத்தான் சொல்வேன். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களுக்காக ஸ்டீபன் ரெகலஸ் என்ற நியூசிலாந்துக்காரர் ‘மாசிவ்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனியாக ஒரு ‘மூளை’ உண்டு. சுற்றிலும் இருப்பதைப் பார்க்கும், கேட்கும், அதற்கேற்ப எந்த அசைவைச் செய்யலாம் என்று தேர்ந்தெடுக்கும். ஆரம்பச் சோதனை ஒன்றில் சில சிப்பாய்கள் சண்டை போடாமல் களத்தை விட்டு ஓடிப்போனார்கள். “பார்த்தீங்களா சார், அவ்வளவு புத்திசாலிங்க, உயிருக்குப் பயந்து ஓடிட்டாங்க” என்று முடிப்பேன். அறையில் எல்லோரும் சிரிப்பார்கள். வேலை எனக்குக் கிடைக்கும்.

அந்தக் கதைக்கு மறுபாதி உண்டு. ரெகலஸே விளக்கம் சொல்லியிருக்கிறார். அந்தச் சிப்பாய்கள் வேறு பக்கம் பார்த்தபடி கிளம்பியவர்கள். எதிரி கண்ணில் படவில்லை, அதனால் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பயமும் இல்லை, புத்தியும் இல்லை. இந்த மறுபாதியை நான் படித்திருந்தேன். ஒரு மீட்டிங்கில்கூடச் சொன்னதில்லை.

சொல்லாமல் விடுவதிலிருந்து சொந்தமாகப் பொய் கட்டுவதற்கு அதிக தூரம் இல்லை. எனக்குக் கிடைத்த முதல் பெரிய போர்க் காட்சியிலேயே அதைக் கடந்துவிட்டேன்.

எதிரியின் தேர்கள் காலாட்படையைப் பிளந்துகொண்டு வர வேண்டும், சிப்பாய்கள் இரண்டு பக்கமும் விலக வேண்டும். அதுதான் ஷாட். ப்ளேபிளாஸ்ட், அதாவது அவசர முன்னோட்டம், போட்டுப் பார்த்தால், ஓரத்தில் இருக்கிறவர்கள் ஒழுங்காக விலகுகிறார்கள். தேருக்கு நேர் எதிரில் இருக்கிறவர்கள் மட்டும் நகரவில்லை. அரை அடி இடது, அரை அடி வலது என்று நின்ற இடத்திலேயே நடுங்குகிறார்கள். கடைசியில் தேர் அவர்களுக்கு ஊடாகவே போய்விடுகிறது.

காரணம் என் கணக்கு. ஒவ்வொரு சிப்பாய்க்கும் நான்கு கட்டளைகள் கொடுத்திருந்தேன். எதிரியை நோக்கி முன்னேறு, வரிசையை விடாதே, பக்கத்தில் இருப்பவனை இடிக்காதே, தேர் வந்தால் விலகு. நான்கையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தேன். தேர் நேராக வரும்போது ‘முன்னேறு’ முன்னால் தள்ளுகிறது, ‘விலகு’ பின்னால் தள்ளுகிறது, இரண்டு பக்கத்து ஆட்களும் உள்ளே நெருக்குகிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி மிச்சமிருக்கும் துளி, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் திசை மாறுகிறது. வினாடிக்கு 24 ஃப்ரேம். நடுக்கம் அங்கிருந்து வந்தது.

அன்றன்றைய ஷாட்டுகளைப் போட்டுப் பார்க்கும் டெய்லீஸில் இயக்குநர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, இவங்க ஏன் இப்படி நடுங்குறாங்க?”

“பயம் சார்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது. “தேர் கிட்ட வந்ததும் எந்தப் பக்கம் ஓடுறதுன்னு அவங்களுக்குக் குழம்புது. நாங்க அப்படி வைக்கல சார், அதுவா வருது.”

அவர் எதுவும் பேசவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாவது தடவை பார்த்தபிறகு, “இது ஆர்ட்டிஸ்ட்டுகிட்டகூட வராதுப்பா. தொடாதே” என்றார். ஷாட் அப்ரூவ் ஆனது. தேர் உடம்புக்குள் புகுந்து போகும் இடங்களைத் தூசியால் மூடினோம். தூசி மூடாத பிழை எங்கள் தொழிலில் குறைவு. அன்று சாயங்காலம் கேன்டீனில் எனக்குக் கைகொடுக்காதவர்கள் இல்லை.

எனக்கு வந்த இந்தச் சிக்கலை 1987லேயே ஒருவர் யோசித்து, தீர்வையும் எழுதிவைத்துவிட்டார். அமெரிக்காவில் சிம்பாலிக்ஸ் நிறுவனத்தில் இருந்த கிரெய்க் ரெனால்ட்ஸ். ‘பாய்ட்ஸ்’ என்று அவர் பெயர் வைத்த பறவைகளைப் பற்றிய கட்டுரை அது. பக்கத்துப் பறவையை இடிக்காதே, அதன் வேகத்துக்கும் திசைக்கும் உன்னுடையதைப் பொருத்திக்கொள், கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. இந்த மூன்று விதிகளை ஒவ்வொரு பறவையும் தன் அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்துப் பின்பற்றினால் போதும், தலைவன் இல்லாமலே கூட்டம் கூட்டமாகப் பறக்கும். எங்கள் துறையில் இந்த மூன்று விதியும் தெரியாதவர்கள் கிடையாது. வார இறுதியில் நான் வகுப்பு எடுத்த இடத்தில் மூன்று விரலை மடக்கி மடக்கி இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கட்டுரையைப் படித்ததில்லை. யாரோ போட்ட டுடோரியல் வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பிற்பாடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு பகுதி இருக்கிறது. பறவைகள் நகரத்துக் கட்டடங்களுக்கு இடையே தெரு வழியாகப் பறக்கின்றன. வடக்கே திரும்புவது நல்ல யோசனை, கிழக்கே திரும்புவதும் நல்ல யோசனை. இரண்டையும் சராசரி எடுத்து வடகிழக்கே போனால் நேராகக் கட்டடத்தில் மோதும். அதனால் சராசரி எடுக்காதே, முன்னுரிமை கொடு என்கிறார். ஒரு பறவை ஒரு நொடியில் இவ்வளவுதான் வேகத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்று ஒரு வரம்பு வைத்து, அவசரமான கட்டளைக்கு அதிலிருந்து முதலில் செலவழித்து, மிச்சம் இருந்தால் அடுத்த கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். மோதல் நெருங்கினால் மற்றவை எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். என் தேர் ஷாட்டுக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

அதைவிட என்னைக் குத்திய பகுதி இன்னொன்று. கூட்டம் எந்த நேரத்தில் எந்தத் திசைக்குப் போக வேண்டும் என்று அனிமேட்டர் வெளியிலிருந்து இழுப்பதற்கும் அந்தக் கட்டுரையிலேயே வழி வைத்திருக்கிறார். வலசை போகும் உந்துதலை எல்லாப் பறவைகளுக்கும் ஊட்டுவது மாதிரி. அதாவது, கூட்டம் தானாக நகரும் என்று காட்டிய மனிதரே, அதை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறார். படம் எடுக்கிறவனுக்கு அது இல்லாமல் முடியாது. 1994இல் டிஸ்னியின் ‘லயன் கிங்’கில் வில்டபீஸ்ட் என்ற மான்கள் பள்ளத்தாக்கில் பாய்ந்து வருவதற்கு, விலங்குகள் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடத் தனியாக நிரல் எழுதினார்கள். திரையில் இரண்டரை நிமிஷம், அதற்குப் பின்னால் வருஷக்கணக்கில் உழைப்பு. அந்த மந்தை தன் இஷ்டத்துக்கு ஓடியிருந்தால் சிம்பா நிற்கும் இடத்துக்கு, கேமரா பார்க்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்குமா?

தேர் ஷாட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

அதே படம். இளவரசன் குதிரையை நிறுத்திப் படையைத் திரும்பிப் பார்க்கிறான். ஸ்லோமோஷன். அவன் தோளுக்குப் பின்னால், நடுத்தூரத்தில், என் சிப்பாய் ஒருவன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறான். கண் இளவரசனிடம் நிற்காமல் அவனிடம் போகிறது. இயக்குநர் சொன்னது நியாயமான திருத்தம்: “அந்த ஒருத்தனை மட்டும் எடுத்துருப்பா.”

நான் என் மேஜையில் எடுத்துப் பார்த்தேன். ஒருவனை எடுத்ததும் களத்தில் பாதிப் பேரின் தலைப்பாகை நிறம் மாறியது. காலடி மாறியது. வலது காலை வைத்தவன் இடது காலை வைக்கிறான்.

இதுவும் என் கோளாறுதான். எண்ணாயிரம் பேருக்கும் ஒரே நடை அனிமேஷனைக் கொடுத்தால் ராணுவ அணிவகுப்பு மாதிரி எல்லோரும் ஒரே காலை ஒரே நேரத்தில் தூக்குவார்கள். அதனால் ஒவ்வொருவனுக்கும் நடையைக் கொஞ்சம் முன்பின்னாக ஆரம்பித்துவைப்போம், நிறத்தைக் கலைப்போம். யாருக்கு எது என்பதை ரேண்டம் கணக்கு தீர்மானிக்கும். அந்தக் கணக்குக்கு நான் சீட்டாகக் கொடுத்தது ‘பாயின்ட் நம்பர்’. அது ஆளுக்குச் சொந்தமான எண் அல்ல, வரிசையில் அவன் நிற்கும் இடத்தின் எண். நடுவில் 2311ஆம் ஆளை எடுத்தால் 2312 ஆக இருந்தவன் 2311 ஆகிறான். அவனுக்கு அடுத்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு படி இறங்குகிறார்கள். ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் இருந்தவனின் தலைப்பாகையைக் கட்டிக்கொள்கிறான். இதற்காகத்தான் பிறக்கும்போதே மாறாத ஒரு ‘ஐடி’ கொடுத்து, எல்லா ரேண்டத்தையும் அதில் கட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவனுக்கே அது தெரியும். அவசரத்தில் செய்ய மறந்துவிட்டேன்.

இதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக இயக்குநரிடம் சொன்னேன்: “ஒருத்தனை எடுத்தா எல்லாருமே மாறிடுவாங்க சார். ஒவ்வொருத்தனும் பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்துத்தான் நடக்கிறான். சிமுலேஷன் அப்படி.”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது. சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது இது உண்மையும்கூட. ஒருவன் இல்லாவிட்டால் அந்த இடத்தை அடுத்தவன் நிரப்புவான், அவன் நகர்ந்ததால் அதற்கடுத்தவன் நகர்வான். ஆனால் ஓட்டி முடித்ததும் எல்லோருடைய நகர்வையும் ‘கேஷ்’ ஆக டிஸ்க்கில் எழுதிவைத்துவிடுகிறோம். அதற்குப்பிறகு யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒருவனை மறைத்தால் மற்றவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

“அப்ப பெயிண்ட்ல எடுத்துரலாம்” என்றார் சூப்பர்வைசர். வேலை பெயிண்ட் பிரிவுக்குப் போனது.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வழி தோன்றியது. அந்த ஒருவனை நீக்கவே வேண்டாம். அவன் அளவைப் பூஜ்யமாக்கினால் போதும். வரிசையில் அவன் இடம் அப்படியே இருக்கும், எண் மாறாது, தலைப்பாகை மாறாது. அவன் மட்டும் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஒரே ஒரு வரி. அந்த லேயரை மட்டும் ராத்திரி ரெண்டருக்குப் போட்டால் காலையில் வந்துவிடும்.

நான் சொல்லவில்லை. முடியாது என்று எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டு, மறுநாளே முடியும் என்று போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. முதல் நாள் சொன்னதை அறியாமை என்று விட்டுவிடலாம். மறுநாளிலிருந்து தெரிந்தே செய்தது.

பெயிண்டில் அந்த ஷாட்டை எடுத்தது, வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம். ஆளைத் துடைப்பது பெரிய வேலையில்லை. துடைத்த இடத்தில் என்ன வரைவது என்பதுதான் வேலை. கேமரா நகர்கிறது. அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்களின் பாதி உடம்பை இவன் மறைத்துக்கொண்டிருக்கிறான். மறைந்திருக்கும் பாதியை அவள் ஃப்ரேம் ஃப்ரேமாக ஊகித்து வரைய வேண்டும். ஒரு ஃப்ரேமில் கை ஒரு இடத்திலும் அடுத்த ஃப்ரேமில் இன்னொரு இடத்திலும் இருந்தால் அந்த இடம் கொதிக்கிற மாதிரி தெரியும். ஸ்லோமோஷன் என்பதால் எதுவும் ஒளிய முடியாது.

ஒருநாள் என் மேஜைக்கு வந்தாள். “அண்ணா, இவனுக்குப் பின்னாடி யாரு நிக்கான்னு ஒரே ஒரு ஃப்ரேம் எடுத்துத் தர முடியுமா? பார்த்து வரைஞ்சுக்கிடுவேன்.”

அவள் கேட்டது அந்த ஆள் இல்லாத படம். அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் முழு உடம்போடு என் கம்ப்யூட்டரில் இருக்கிறார்கள். அவனை மறைத்து ஒரு ஃப்ரேம் கொடுத்தால், மறைக்க முடியும் என்பது தெரிந்துவிடும். “முடியாதும்மா, சிம்” என்றேன். “சரிண்ணா” என்று போய்விட்டாள். கிரவுட் அவளுக்குப் பழக்கமில்லாத பிரிவு. எனக்குத் தெரியாததா என்று நம்பினாள்.

அதற்கப்புறம் அவள் ராத்திரி கேபில் வீட்டுக்குப் போகிறவளானாள். ஒருவழியாக முடித்துக் கொடுத்தாள். காம்ப்பில் எல்லா லேயரையும் சேர்த்துப் பார்த்தபோது தரையில் ஒரு நிழல் கிடந்தது. ஆள் இல்லை, அவன் நிழல் ஈட்டியோடு நிற்கிறது. டெய்லீஸில் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத் திட்டு விழுந்தது. “கண்ணைத் திறந்து பார்த்து வேலை செய்ய மாட்டீங்களா?” அவள் ஒன்றும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நிழல் அவள் வேலையில் வந்ததில்லை. நிழல் ‘பாஸ்’ என்ற தனி அடுக்காக என்னிடமிருந்து போனது. அவள் துடைத்தது ஆள் இருக்கும் லேயரை. நிழல் பாஸில் அவன் அப்படியே இருந்தான், ஏனென்றால் நான் அவனை எடுக்கவே இல்லை. அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஒன்றுமில்லை.

நிழலையும் அவளே துடைத்தாள்.

இப்போது கூட்டத்தைக் கையாளும் விதம் எனக்கு ஓரளவு படிந்திருக்கிறது. ஆள் ஒவ்வொருவனுக்கும் பிறக்கும்போதே ஐடி. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தரையில் பெயிண்ட் அடித்துக் காட்டுகிறேன். போக வேண்டிய பாதையைக் கோடாகப் போட்டு, அந்தக் கோட்டை ஒட்டி ஆற்றோட்டம் போலத் திசைகளை விரிக்கிறேன். சிப்பாய் தன் கால் வைத்திருக்கும் இடத்தின் திசையைப் படித்துக்கொண்டு போவான். பத்தாயிரம் பேரும் பத்தாயிரம் பேரையும் பார்த்துக் கணக்குப் போட்டால் ஒரு ஃப்ரேமுக்குக் கிட்டத்தட்ட ஐந்து கோடி ஜோடி வரும் என்பதால், தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அக்கம்பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்க்கவைக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் வருகிறவனைக் கூட்டத்திலிருந்து பிரித்து, அனிமேட்டரிடம் கொடுத்துக் கையால் நடிக்கவைக்கிறோம். மற்றவர்களுக்கு அவன் ஒரு நகரும் தூண், சுற்றிக்கொண்டு போவார்கள். திருத்தம் வந்தால் முதலில் கேஷில் திருத்த முடியுமா என்று பார்க்கிறேன். அதில் முடியாவிட்டால்தான் மறுபடி சிம். இவை எதுவும் நான் கண்டுபிடித்ததில்லை. அந்தப் படத்தின்போதே எல்லாம் கிடைத்தவைதான்.

வார இறுதி வகுப்பில் ரெகலஸ் கதையை இப்போது முழுசாகச் சொல்கிறேன். மறுபாதிக்கு யாரும் சிரிப்பதில்லை.

அந்தப் பெண் வேறு ஊருக்கு, வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டாள். நம்பர் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள், நானும் பதிலுக்கு ஒரு கரும்புப் படம் அனுப்புவேன். விஷயத்தைச் சொன்னதில்லை. சூப்பர்வைசரிடமும் சொன்னதில்லை, இத்தனைக்கும் வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து டீ குடிக்கிறோம்.

இயக்குநர் கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒரு பேட்டியில் அந்தத் தேர் காட்சியைப் பற்றிப் பேசினார். சிப்பாய்கள் தாங்களாகவே பயந்தார்கள், நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, டெக்னாலஜி அந்த அளவுக்கு வந்துவிட்டது என்று கண் விரியச் சொன்னார். அந்தத் துண்டு வீடியோ எங்கள் குரூப்பில் வந்தது. கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டு நானும் அதை ஸ்டேட்டஸில் வைத்தேன்.